சுவரோரத் துத்தி: புதுச்சேரியில் ஒரு காட்டுச்செடியின் அமைப்பும் பரவலும்

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு மனையைச் சும்மா போட்டுவைத்தால், ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே தலைகாட்டும் செடிகளில் பெரும்பாலும் துத்தியும் இருக்கும். எருக்கு, ஆமணக்கு, நாயுருவி, குப்பைமேனி ஆகியவற்றோடு அதுவும் வரும். மற்றவை உயரத்தாலோ நாற்றத்தாலோ கண்ணில் பட்டுவிடும். துத்தி காலையில் வெறும் சாம்பல்பச்சைப் புதர். பிற்பகலில் அதே புதரில் மஞ்சள் பூக்கள் விரிந்திருக்கும், இருட்டுவதற்குள் வாடத் தொடங்கிவிடும். காலையில் நடப்பவர்களுக்கு அது பூச்செடி என்பதே தெரியாமல் போக வாய்ப்புண்டு.

இதன் அறிவியல் பெயர் அபுடிலான் இண்டிகம். லின்னேயஸ் 1756இல் இதைச் சைடா என்ற பேரினத்தில் சேர்த்து விவரித்தார். பின்னர் ராபர்ட் ஸ்வீட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1826இல் அபுடிலான் பேரினத்துக்கு மாற்றினார். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் அதே 1826ஆம் ஆண்டுதான். இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆனால் இந்த ஊர் எவ்வளவு காலமாகச் செடிகளோடு ஆய்வு முறையில் பழகிவருகிறது என்பதை நினைத்துப் பார்க்க அது உதவும்.

பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடிகள் லாமார்க்கின் தாவர விளக்கங்களுக்கு ஆதாரமாயின. லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரி வந்து இறங்கி, தென்னிந்தியாவில் சேகரித்த செடிகளையும் விதைகளையும் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார். செனகல் நாட்டுத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய பெரோத்தே, பிற்காலத்தில் புதுச்சேரிப் பூங்காவைப் பார்த்துக்கொண்டு 1870இல் இங்கேயே இறந்தார். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 20,000க்கும் மேற்பட்ட உலர்தாவரத் தாள்களை வைத்திருக்கிறது. தென்னிந்தியாவின் தாவரப் போர்வையை வரைபடமாக்கிய பெரும்பணியும் அங்கேதான் நடந்தது.

இத்தனை பேரும் தேடியது பயன்தரும் பயிர்களையும் காட்டு மரங்களையும் அரிய இனங்களையும்தான். அதில் தவறில்லை. மறைந்துகொண்டிருப்பதை முதலில் பதிவு செய்வது இயல்பு. ஆனால் தெருவோரச் செடியும் இடம் மாறும், குறையும், கூடும். அது ஒரு தெருவில் இருப்பதும் பக்கத்துத் தெருவில் இல்லாமல் போவதும் அந்த மண்ணுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கின்றன. காட்டுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கையாவது நகரத்துச் செடிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குத் துத்தியைவிட நல்ல தொடக்கம் இல்லை.

முதலில் செடியைப் பார்ப்போம். துத்தி ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை வளரும் குறுஞ்செடி. அடித்தண்டு கட்டை பாய்ந்து, வெட்டினாலும் மறுபடி தழைக்கும். பட்டையில் நல்ல நார் உண்டு. இலை இதய வடிவம், நுனி கூர்மை, விளிம்பில் ஒழுங்கில்லாத பற்கள், காம்பு நீளம். தொட்டால் மெத்தென்று இருக்கும். அந்த மென்மைக்குக் காரணம் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் தெரியும். இலையின் இரு பக்கமும், முக்கியமாக அடிப்பக்கத்தில், ஒரே புள்ளியிலிருந்து பல கதிர்களாகப் பிரியும் மயிர்கள் நெருக்கமாக நிற்கின்றன. தாவரவியலில் இவற்றை உடுவடிவ மயிர்கள் என்பார்கள். செம்பருத்திக் குடும்பத்தின் அடையாளங்களில் இது ஒன்று. வெயில் நேரத்தில் இலையிலிருந்து நீர் போவதை இந்தப் போர்வை குறைக்கிறது. சாலையோரத்துச் செடியில் லென்ஸை வைத்தால் கதிர்களுக்கு இடையே புழுதியும் கரித்துகளும் அடைந்திருப்பதும் தெரியும். இதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூ இலைக்கக்கத்தில் ஒவ்வொன்றாகத்தான் வரும். பூக்காம்பு இலைக்காம்பைவிட நீளமானது, அதன் மேற்பகுதியில் ஒரு கணு இருக்கும். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்து இதழ்கள், முழுவதும் ஒரே மஞ்சள் அல்லது ஆரஞ்சு கலந்த மஞ்சள். நடுவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் அடியில் ஒட்டி ஒரு குழலாக நிற்கும், சூல்தண்டு அந்தக் குழலுக்குள்ளிருந்து மேலே வரும். செம்பருத்தியிலும் பருத்தியிலும் வெண்டையிலும் இதே குழலைப் பார்க்கலாம். ஒரு வேறுபாடு உண்டு. அவற்றில் புல்லிவட்டத்துக்குக் கீழே பச்சையாக இன்னொரு வட்டம் இருக்கும். துத்தியில் அது கிடையாது. களத்தில் அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தக் குடும்பத்தின் மகரந்தத்தூள் பெரியது, மேற்பரப்பு முழுவதும் முள்முள்ளாக இருக்கும். வண்டின் உடல் மயிரில் அது எளிதாகச் சிக்கும். ஆனால் தேனீ அதை உருட்டிக் கால்கூடையில் அடைப்பது கடினம். இதனால் பூவுக்கு லாபம் என்று சிலர் கருதுகிறார்கள். புழுவுக்குத் தீனியாகக் கூட்டுக்குப் போகும் தூள் குறைந்து, அடுத்த பூவுக்குப் போகும் தூள் கூடுகிறதாம். பூச்சி வராத நாளிலும் இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றில் சூல்முடிகள் வளைந்து தன் மகரந்தத்தையே தொட்டுக்கொள்ளும். துத்தி தன் பூவின் தூளாலேயே காய் பிடிக்கக்கூடியது. வேறு துத்தி அருகில் இல்லாத மனையில் ஒற்றைச் செடி நின்றாலும் வம்சம் விருத்தியாவது இதனால்தான்.

துத்தியை ஐயமில்லாமல் காட்டிக்கொடுப்பது காய். பதினைந்து முதல் இருபது வரையிலான தட்டையான அறைகள் ஒரு நடு அச்சைச் சுற்றி வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையின் வெளி மேல்மூலையிலும் ஒரு சிறு கூர்முனை. மேலிருந்து பார்த்தால் பணியாரம் மாதிரி இருப்பதால் கிராமத்தில் பணியாரத்துத்தி என்பார்கள். பச்சையாக இருக்கும்போது மென்மயிர் மூடியிருக்கும். முற்றினால் கறுத்துக் காய்ந்து, அறைகள் மேற்பக்கமாக வெடித்துத் திறக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விதைகள். சிறுநீரக வடிவம், கரும்பழுப்பு நிறம். காற்றில் பறக்கவோ துணியில் ஒட்டவோ இவற்றில் எந்த ஏற்பாடும் இல்லை. காய்ந்த கிளை ஆடும்போது காலடியில்தான் உதிரும்.

அப்படியானால் ஊர் முழுக்க எப்படிப் பரவுகிறது? இடத்தால் பரவுவதைவிட, காலத்தால் பரவுகிறது என்பதே பொருத்தமான பதில். துத்தி விதையின் தோல் நீர் புகாதது. நெருக்கமான கோல்வடிவச் செல்வரிசை தண்ணீரைத் தடுத்து நிற்கும். செம்பருத்திக் குடும்பத்தில் விதையடிப் பக்கம் ஒரு சிறு அடைப்பு உண்டு. வெயிலிலும் ஈரத்திலும் மாறிமாறிக் கிடந்து அந்த அடைப்பு நெகிழ்ந்த பிறகே தண்ணீர் உள்ளே போகும். அதனால் ஒரே ஆண்டில் விழுந்த விதைகள் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. மண்ணுக்குள் இருப்பாகக் கிடக்கும். இதன் சொந்தக்காரச் செடியான அபுடிலான் தியோஃபிராஸ்டியின் விதை ஐம்பது ஆண்டு வரை மண்ணில் உயிரோடு இருக்கும் என்று பதிவுகள் உள்ளன. சீனாவில் நாருக்காகப் பயிரிட்ட அந்தச் செடியை 1750க்கு முன்பே வட அமெரிக்காவுக்கு நார்ப்பயிராகவே கொண்டுபோனார்கள். இன்று அது அங்கே மக்காச்சோளத்திலும் சோயாவிலும் மிகத் தொல்லை தரும் களை. நம் துத்தியின் விதை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் வழிமுறை ஒன்றுதான்.

ஜேசிபி வந்து அடித்தளம் தோண்டும்போது கீழ்மண் மேலே வருகிறது. வெயில் படுகிறது, விதைத்தோல் உரசுகிறது, அடுத்து மழை. கட்டட வேலைக்காக ஒரு லாரி மண் வில்லியனூர்ப் பக்கமிருந்து நகரத்துக்கு வந்தால் அதோடு விதையும் வரும். துத்தியை இந்த ஊரில் சுமந்து திரிவது பெரும்பாலும் மனிதர்கள்தான் என்பேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். துத்தி என்ற பெயரோடும் அதற்கு நெருங்கிய தோற்றத்தோடும் பல செடிகள் இருக்கின்றன. நிலத்துத்தி என்று பலர் சொல்லும் சைடா இனங்கள் குட்டையானவை, பூவும் சிறியது. காயில் ஐந்து முதல் பத்து அறைகளே இருக்கும், ஓர் அறைக்கு ஒரே விதை. ஒட்டுத்துத்திக்குப் பூ இளஞ்சிவப்பு. அதன் காயின் கொக்கி முட்கள் வேட்டியிலும் புடவையிலும் பிடித்துக்கொள்ளும். சித்தாமுட்டியும் பேராமுட்டியும் பவோனியா இனத்தவை, அவற்றில் பூவுக்கு அடியில் மேலே சொன்ன பச்சை வட்டம் உண்டு. ஹெரிசாந்தியா கிரிஸ்பா என்ற அமெரிக்கச் செடி இப்போது தமிழகச் சமவெளியில் சாதாரணம். அதன் காய் காற்றடைத்த மெல்லிய பையாக வெளிறித் தொங்குவதால் குழப்பத்துக்கு இடமில்லை.

உண்மையிலேயே ஏமாற்றக்கூடியது அபுடிலான் ஹிர்டம். உயரம், இலை, பூ எல்லாம் துத்தியைப் போலவே இருக்கும். தண்டில் நீண்ட மயிரும் பிசுபிசுப்பும் இருக்கும். பூவின் நடுவில் கருஞ்சிவப்புக் கண் இருக்கும். காயின் அறைகள் இருபதைத் தாண்டும், முனையில் கூர்மை இருக்காது. பூ வாடிய காலையில், காய் இல்லாத கிளையை மட்டும் பறித்து வந்தால் தேர்ந்தவரும் தயங்குவார். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலும் (முதல் பகுதி 1915), பாதிரியார் கே. எம். மேத்யூ திருச்சி ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து 1981 முதல் 1983 வரை வெளியிட்ட தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரநூலும் இந்தச் செடிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. மேத்யூவின் நூல் இந்தக் கடற்கரைச் சமவெளிக்கு இன்றும் முதலில் திறக்க வேண்டிய புத்தகம். தமிழில் அதற்கு ஈடான களநூல் இல்லாதது பெருங்குறை.

உலக அளவில் துத்தியின் தாயகம் வெப்பமண்டல ஆசியா. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, தென்சீனம் வரை இயல்பாக வளர்கிறது. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் பல தீவுகளிலும் பின்னாளில் போய்ச் சேர்ந்தது. சில தீவுகளில் அதை ஆக்கிரமிப்புச் செடியாகவே பட்டியலிட்டிருக்கிறார்கள். இலைக்காகவும் வேருக்காகவும் மருந்துச் செடியாகக் கொண்டுபோன இடங்களும் உண்டு.

புதுச்சேரிக்குள் அதன் பரவல் சீரானதல்ல. கடலோரத்தில் தொடங்கி மேற்கே நடந்தால் இது விளங்கும். உப்புக்காற்று நேராக அடிக்கும் கடற்கரைச் சாலைப் பக்கமும், பாறை கொட்டிய அலைத்தடுப்புப் பக்கமும் துத்திக்கு ஏற்றவை அல்ல. அங்கே இக்குடும்பத்தின் ஆள் பூவரசு. உப்புநீரைப் பொறுத்துக்கொள்ளும் மரம் அது. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் பக்கத்துச் சேற்றுநிலம் நீர்ப்பருத்தி போன்ற கழிமுக மரங்களுக்கு உரியது. துத்தி தண்ணீர் தேங்கும் இடத்தைச் சகிக்காது.

பழைய பிரெஞ்சுப் பகுதியில் வெற்றிடம் குறைவு. மதில்களுக்குள் பராமரிக்கும் தோட்டங்களும் சுத்தமான நடைபாதைகளும்தான். அங்கும் சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்த மதிலடியில், குடியில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் துத்தி நிற்கும். பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் இடிந்த வீட்டு மனைகள் கூடுகின்றன, செடியும் கூடுகிறது. ரயில் பாதையோரம் அதற்கு நல்ல இடம். 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த இந்தப் பாதையின் சரளைமேடு நீர் வடியக்கூடியது, வெயில் தடையின்றி விழும், ஆண்டுதோறும் யாராவது வெட்டிச் சீர்செய்வார்கள். மூன்றும் துத்திக்குப் பிடித்தமானவை.

நெசவாலை வளாகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் செல்வத்தை ஒரு காலத்தில் எழுப்பியது பருத்தி. புதுச்சேரியில் நீலம் தோய்த்த கினே துணி ஆப்பிரிக்கா வரை போய் விற்றது. 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆலைகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1898இல் தொடங்கிய ஏஎஃப்டி ஆலையை அரசு 2020இல் மூடியது. பருத்தியும் துத்தியும் ஒரே குடும்பம். பருத்தியைத் தின்னும் பூச்சிகளில் பல துத்தியிலும் வாழ்கின்றன. முற்றிய துத்திக் காய் மேல் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டம் கூட்டமாக ஊரும் பூச்சி, பருத்திப் பஞ்சில் கறை ஏற்படுத்தும் அதே சிவப்புப் பருத்திப் பூச்சிதான். இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் பச்சைப் புழு பருத்தி இலையையும் வெண்டை இலையையும் சுருட்டும் இனம். மாவுப்பூச்சியும் இதில் தங்கும். வெண்டை போடும் விவசாயி வரப்புத் துத்தியைப் பிடுங்குவதற்கு நியாயம் இருக்கிறது. பிடுங்காமல் விட்டால் அந்தப் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுக்கும் குளவிக்கும் அங்கே இடமுண்டு என்பதும் சேர்ந்தே உண்மை.

மேற்கிலும் வடக்கிலும் நிலம் உயர்ந்து செம்மண் மேடாகிறது. கோரிமேடு, லாசுப்பேட்டை தொடங்கி ஆரோவில் வரை இதே சிவப்பு மண்தான். ஆண்டு மழை சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஃபெஞ்சல் புயலில் 2024 நவம்பர் கடைசியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. மழைக்காலம் முடிந்த பின் மாதக்கணக்கில் வறட்சி. இந்தப் பருவத்துக்கேற்ற இயற்கைக் காடு உயரம் குறைந்த, எப்போதும் பச்சையான உலர் பசுமைக் காடு. இன்று அது கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற சில துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது. அந்தக் காட்டுக்குள் காயா மரநிழலில் துத்தியைத் தேடிப் பயனில்லை. நிழலில் அது முளைத்தாலும் நிலைக்காது. காட்டின் ஓரத்தில், வண்டி நிறுத்தும் வெளியில், பொங்கல் வைத்து மண் கிளறிய இடத்தில் இருக்கும்.

ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அந்த மேடு அரிப்பெடுத்த வெற்றுச் செம்மண். மரம் நட்டுக் கவிகை மூடியபின் வெளிச்சம் கேட்கும் குறுஞ்செடிகள் பாதையோரத்துக்கு ஒதுங்கும் என்பதே எதிர்பார்க்கக்கூடியது. ஆக, துத்தியை வைத்து நிலத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். அது அடர்ந்து நிற்கும் இடத்தில் மண் அண்மையில் கிளறப்பட்டிருக்கிறது. நேற்று வரை நின்று இன்று இல்லையென்றால் ஒன்று அங்கே சிமென்ட் வந்திருக்கிறது, அல்லது மரநிழல் வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படம் காட்டாத சிறிய அளவில் ஊரின் மாற்றத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான கருவி இல்லை. பள்ளி மாணவர்கள் வார்டு வாரியாக ஒரு பருவம் குறித்துவைத்தாலே பயனுள்ள வரைபடம் கிடைக்கும். தெருப்பெயர், மண்ணின் நிறம், நிழலா வெயிலா, பூ இருந்ததா, காயில் எத்தனை அறை என்று எழுதினால் போதும். ஒரு முற்றிய காயாவது சேர்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹிர்டத்தோடு கலந்துவிடும்.

இந்த வரைபடத்துக்கு உடனடிப் பயன் ஒன்று இருக்கிறது. துத்தி இன்றும் வீட்டு மருந்து. மூலத்துக்கு இலையைச் சின்ன வெங்காயத்தோடு விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுவதும், வதக்கிய இலையைக் கட்டுவதும் தமிழ் வீடுகளில் பழக்கம். சித்த மருத்துவ நூல்களிலும் துத்திக்கு இடமுண்டு. பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாக்களிடம் கேட்டால் மறுநாள் பறித்து வருவார்கள். எங்கே பறிக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலும் அது சாலையோரமாகவோ சாக்கடைக் கரையாகவோ ரயில்பாதை ஓரமாகவோதான் இருக்கும், ஏனென்றால் செடி அங்கேதான் இருக்கிறது. மயிரடர்ந்த இலை வழவழப்பான இலையைவிட அதிகப் புழுதியைப் பிடித்து வைக்கும், தண்ணீரில் ஒரு முறை அலசினால் முழுவதும் போகாது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. ஆனால் அதற்கு முன் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எளிதில் கரைந்து போகக்கூடியதல்ல. மருந்தென்று நம்பிச் சாப்பிடும் இலை எந்த மண்ணில் நின்றது என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டிய செய்தி.

வீட்டில் வளர்ப்பது சிரமமில்லை. கறுத்து வெடித்த காயிலிருந்து விதையை உதிர்த்து, உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும். மறுநாள் பருத்த விதைகளை மட்டும் எடுத்துச் செம்மண்ணும் மணலும் கலந்த தொட்டியில் ஊன்றலாம். பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவைக்கலாம். தொட்டி நாள் முழுக்க வெயில் படும் மாடியில் இருக்க வேண்டும், அடியில் நீர் வடியும் ஓட்டை வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை வெட்டி எறிந்துவிட்டால் போதும், அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும்.